ரொவேனா பையில் இருந்த கவுன்

"எல்லாரும் பையை மடியில வச்சுக்குங்க. கவுன் வீட்டம்மா ஏறுறாங்க" என்றான் வேன் டிரைவர்.

வேன் முழுக்கச் சிரித்தது. டோரின் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் நிஜமாகவே பையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

போன மாதம் வரை இதே டிரைவர் என்ன பாட்டுப் பாடினான்? "தள்ளு, தள்ளு, ரொவேனா அம்மாவுக்கு முன் சீட்டு. தேவதையைப் பெத்த வயிறுய்யா அது."

பாடமாட்டானா பின்னே? பதினாறு வயதில் கேப் டவுன் ஓரத்து மிட்செல்ஸ் பிளெய்ன் வேன் ஸ்டாண்டில் சிப்ஸ் அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த பெண். எவளோ ஒரு சீமாட்டி காரை நிறுத்தி, "கழுத்தைக் கொஞ்சம் திருப்பு கண்ணு" என்றாள். திருப்பினாள். மூன்றே வருஷத்தில் பெரிய மாடல். மிலான் வரைக்கும் போய்வந்தாள். விமான நிலையச் சாலை விளம்பரப் பலகையில் நாலு மாடி உயரத்துக்கு ரொவேனா சிரித்தாள்.

இப்போது அவள் திருடி.

போன வெள்ளிக்கிழமை படம் பிடிக்கிற இடத்தில் ஒரு பச்சைப் பட்டுக் கவுன் காணாமல் போய், ரொவேனாவின் பையில் கிடைத்தது. "அவதான் எடுத்து வச்சா, என் கண்ணால பார்த்தேன்" என்று சாட்சி சொன்னது யார் தெரியுமா? உடுப்பு மாட்டிவிடுகிற மைமூனா. மூன்று வருஷமாக ரொவேனாவை "என் பொண்ணு, என் பொண்ணு" என்று கொஞ்சியவள்.

ஏஜென்சிக்காரி போனில் தேன் தடவித்தான் பேசினாள். "ரொவேனா எங்களுக்கு மக மாதிரி, டோரின். மனசே உடைஞ்சுபோச்சு. இங்க அவ தங்கியிருந்த ரூம் சாமானெல்லாம் வாசல்ல வச்சிருக்கோம், அஞ்சு மணிக்குள்ள எடுத்துக்குங்க."

மறுநாளே கேப் டவுனில் ஒரு கம்பெனியும் ரொவேனாவின் பெயரைக் கேட்டுக் கதவு திறக்கவில்லை. சர்ச்சிலிருந்து "ஜெபம் பண்ண வந்தோம்" என்று வந்த நாலு பெண்கள், ஆமென் சொல்லும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து அலமாரியைப் பார்த்தார்கள்.

அதனால்தான் டோரின், மைமூனா வீடு இருக்கிற போன்ட்டஹூவலுக்குப் போகிறாள். 'நான் சொன்னது பொய்' என்று மைமூனா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். மகளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். பிழைத்துக்கொள்வாள்.

மைமூனா வாயில் நாலு குண்டூசியோடு கதவைத் திறந்தாள். எடுத்துவிட்டுச் சொன்னாள். "உட்காரு டோரின். டீ போடறேன்."

"உன் டீ எனக்கு விஷம்."

"சரி. சர்க்கரை ரெண்டா, மூணா?"

"என்ன ஜென்மம்டி நீ? அவ வளர்ந்தது உன் கண்ணைக் குத்துதா? மூணு வருஷம் கூடவே இருந்துட்டு இப்படிக் கழுத்தறுத்திருக்கியே."

மைமூனா அடுப்பில் கெட்டிலை வைத்தாள். "பொண்ணு எப்படி இருக்கா?"

"எப்படி இருப்பா? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. எழுந்தா ஒரு முழு ரொட்டியைத் தின்னுட்டு, திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிறா. நாலு நாளா இதே கதை. எல்லாம் அவமானம், மைமூனா. நீ பண்ணின அவமானம்."

"அவமானத்துக்கு யாரும் முழு ரொட்டி தின்னமாட்டாங்க. டிக் போதையை நிறுத்தினா அப்படித்தான் ஆகும். பல்பு கண்ணாடியில வச்சு உறிஞ்சுவாங்களே, அந்த டிக்."

டோரின் எழுந்துவிட்டாள். "திருடின்னது பத்தலையா? இப்ப இது வேறயா?"

"திருடி இல்ல அவ. கவுனை அவ பையில வச்சது நான்தான்."

கெட்டில் கொதித்துக் கத்தியது. இரண்டு பேரும் அதை அணைக்கவில்லை.

"எல்லாக் கவுனும் ஒரே அளவுலதான் வரும்" என்றாள் மைமூனா. "முன்பக்கம் கச்சிதமா நிக்கறதுக்கு முதுகுல இழுத்துப் பிடிச்சு குண்டூசி குத்தறதுதான் என் வேலை. படத்துல முதுகு தெரியாது. ஜனவரியில அவளுக்கு நாலு ஊசி. ஈஸ்டருக்கு ஒன்பது. போன வெள்ளிக்கிழமை பதினேழு. கடைசி ஊசி தோல்லயே ஏறிருச்சு, டோரின். ரத்தம் வருது. அவ திரும்பிக்கூடப் பார்க்கல. அங்க அந்த போட்டோக்காரன் குதிக்கிறான், 'ஆஹா, எலும்பு பேசுது, எலும்பு பேசுது'ன்னு."

டோரின் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு வந்ததால மட்டும் தப்பிச்சுருவாளான்னு எனக்குத் தெரியாது. உங்க தெருவுல மூணாவது வீட்டுலயே விக்கிறான். ஆனா அங்கயே இருந்தா அடுத்த ஈஸ்டரைப் பார்க்கமாட்டா. அது மட்டும் தெரியும்."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கறதுதானே" என்றாள் டோரின். "சொல்லியிருந்தா அவங்களே வைத்தியம் பார்த்திருப்பாங்களே. இப்படிப் பொய்யா ஒரு திருட்டுப் பட்டம் கட்டி, ஊர் சிரிக்க வச்சு..."

மைமூனா டீயை ஊற்றி, கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"'இவ கரைஞ்சுபோறா'ன்னு ஏஜென்சிக்காரிகிட்டச் சொன்னேன், போட்டோக்காரன்கிட்டச் சொன்னேன், ஈஸ்டருக்கு மறுநாள் உனக்கும் போன் போட்டுச் சொன்னேன், 'ஒல்லியா இருந்தாத்தான் அழகு'ன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. கவுனைக் காணோம்னு சொன்னேன், அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."