முலாம் போதாது

"முலாம் தேய்ஞ்சு போகாதெண்டு உங்களாலை சொல்ல ஏலுமே, பத்தர்?"

அருள்மலர் இதைக் கேட்பது இரண்டாவது தடவை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஹெக்டருக்குக் காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. மாதா கோயிலில் அவர்களுடைய கல்யாணத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. அதற்கு மோதிரம் சொல்லவென்று அரைநாள் லீவில் வந்திருந்தான். பின்னேரத்துக்குள் சீனன்குடாவுக்குத் திரும்பி, எண்ணெய்த் தாங்கியடியில் வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டும். தெருவில் கடற்படை லொறிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு திருகோணமலையில் பாதிக் கடைகள் திறக்கவேயில்லை. நகை செய்யும் பத்தர் சோமசேகரமும் உலையைத் தவிர மற்றதையெல்லாம் சாக்கில் கட்டிவிட்டார். இந்த மோதிரங்களைச் செய்து கொடுத்ததும் கிளிவெட்டிக்கு, மகள் வீட்டுக்குப் போகிற எண்ணம்.

அவர் இரண்டு மோதிரங்களைத் துணியில் வைத்துக் காட்டினார். ஒன்று வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. மஞ்சளாய் மினுங்கியது. மற்றது உள்ளும் புறமும் தங்கம்தான், ஆனால் ஒருமாதிரிச் சிவந்திருந்தது.

"முலாம் தேயும் பிள்ளை. அது மேலை போட்ட தோல் மாதிரி. இது தங்கத்தோடை செம்பைக் கூடச் சேத்து உருக்கினது. வெட்டிப் பாத்தாலும் உள்ளுக்கும் இதே சிவப்புத்தான். ஆனால் எங்கடை ஆக்கள் இந்த நிறத்தை விரும்பமாட்டினம். வெறும் செம்பெண்டு நினைப்பினம்."

ஹெக்டர் முலாம் மோதிரத்தைத் தொட்டுக் காட்டி, இரண்டு பேருக்கும் இதுவே போதும் என்றான். நாள் முழுக்க எண்ணெயிலும் கிறீசிலும் ஊறுகிற கைக்குத் தங்கம் எதற்கு? வேலைக்குப் போகும்போது எப்படியும் கழற்றித்தான் வைக்கப்போகிறான். அவன் வேறெதைச் சொன்னாலும் அருள்மலர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஓர்ஸ் ஹில்லில் அவன் பார்த்த சின்ன வீட்டுக்கும், விருந்தை வீட்டோடு முடிப்பதற்கும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. இன்றைக்கு மட்டும் தலையை ஆட்டி மறுத்தாள்.

"எனக்கு முலாம் காணும். இவருக்குச் சிவப்பிலை செய்யுங்கோ."

சொல்லிக்கொண்டே தன் கையில் கிடந்த ஒற்றைக் காப்பைக் கழற்றிப் பத்தர் முன்னால் வைத்தாள். பத்தர் ஹெக்டரைப் பார்த்தார். பொம்பிளைக்குத் தங்கமும் மாப்பிள்ளைக்கு முலாமும் கேட்டு வருகிறவர்களைத்தான் அவர் கண்டிருக்கிறார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் துறைமுகப் பக்கம் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

கடைக்குப் பின்னால் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் மூன்று பேரும் இறங்கினார்கள். முதல்நாள் மழையில் அடியில் சேறு நின்றது. ஹெக்டர் விமானச் சத்தம் வருகிறதா என்று வானத்தைப் பார்த்தபடி இருந்தான். பத்தரின் உதடுகள் கோணேசரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அருள்மலருக்கோ மோதிர நினைப்புத்தான். உப்புத் தண்ணியில் கிடந்தால் அந்தச் சிவப்பு மாறுமா என்று கேட்டாள். மாறாது என்றார் பத்தர். நெருப்புப் பட்டால்? முலாம் என்றால் போய்விடும், செம்பு கலந்த தங்கம் மேலே கறுக்கும், உரஞ்சினால் பழையபடி சிவப்பு வரும் என்றார். இந்த ஊரில் வேறு யாரும் இப்படி ஒரு மோதிரம் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்தாள். தான் ஒருவருக்கும் செய்து கொடுக்கவில்லை, வேறு யாரும் கேட்டதாகவும் தெரியாது என்று அவர் சொன்னதும், அந்தச் சங்குச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் முகம் தெளிந்தது. ஹெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமானம் ஒன்றும் வரவில்லை. ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஊதியபின் ஏறி வந்து, கால் சேற்றைக் கழுவினார்கள். பத்தர் ஹெக்டரின் விரலுக்கு நூல் சுற்றி அளவெடுத்தார்.

"இன்னும் இறுக்கமாய் வையுங்கோ," என்றாள் அருள்மலர். "ஒருக்கால் போட்டால் பிறகு கழட்ட ஏலாமல் இருக்கவேணும். வேலைக்குப் போகேக்கையும் கையிலை கிடக்கட்டும்."

ஹெக்டர் கையை இழுத்துக்கொண்டு எழுந்தான். கப்பல்காரர் வந்திறங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் நடக்கும் கதை அவனுக்கும் தெரியும். பொழுதுபட்டதும் மோதிரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கல்யாணமாகாதவர்கள் மாதிரித் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறான். அவனோ ஆனி மாதம்தான் மன்னாரிலிருந்து வந்தவன். அவனுடைய முன்கதை இங்கே யாருக்கும் தெரியாது. யாரோ அவள் காதில் எதையோ போட்டிருக்கிறார்கள். அதுதான் ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு மோதிரம், அதுவும் கழற்ற முடியாத மோதிரம்.

அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"என்னிலை நம்பிக்கை இல்லையெண்டால் இப்பவே சொல்லும், மலர். ஃபாதரிட்டைச் சொல்லிக் கல்யாணத்தை நிப்பாட்டுவம். விலங்கு மாதிரி மோதிரம் மாட்டிக்கொண்டு என்னாலை வாழ ஏலாது."

அருள்மலர் சீனன்குடாப் பக்கம் போகிற லொறி ஒன்று கடந்து போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரே அண்ணா, ஏப்ரலில் விழுந்த குண்டில், அதே எண்ணெய்த் தாங்கியடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது செத்தவன். கல்யாணம் பேசிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெக்டரும் அவளோடு கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறான்.

"உங்களிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை," என்றாள் அவள். "அண்ணாவெண்டு சொல்லி ஒரு மூடின பெட்டியைத்தான் தந்தவை. நாங்கள் மெழுகுதிரி கொளுத்திற அந்தக் கல்லறைக்குள்ளை கிடக்கிறது ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."