கழற்றி வைத்த துண்டு

மேசையில் பிளாஸ்டிக் இதயம் ஒன்று திறந்து கிடக்கிறது. "இந்த இடது பக்கம்தான் உங்க பொண்ணுக்கு வளரவே இல்லை" என்று டாக்டரம்மா கழற்றிக் காட்டிய துண்டு, பேனா மூடிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. மூன்று ஆபரேஷன், அதற்கும் உத்தரவாதம் இல்லை. இல்லாவிட்டால் வலி தெரியாமல் மருந்து கொடுத்து, இருக்கிறவரை மடியில் வைத்துக்கொள்வது. "ரெண்டுமே தப்பில்லை. பேசி வைங்க, வந்துடறேன்" என்று அவர் வெளியே போயிருக்கிறார். ஏசி உறுமுகிறது. வெயில் மேசை விளிம்புவரை வந்து நிற்கிறது. அடுத்த அறையில் யாரோ டீ கேட்டுச் சிரிக்கிறார்கள். பச்சை உடம்புக்காரியான மனைவியின் சட்டையில் பால் கசிந்து வட்டமாகப் பரவுகிறது, அவள் துடைக்கவில்லை. கணவன் அந்தத் துண்டை எடுத்து இதயத்தில் பொருத்தப் பார்க்கிறான். திருப்பி வைத்துப் பார்க்கிறான். துண்டு பொருந்தவில்லை. "குடுங்க இப்படி, உடைச்சுத் தொலைச்சிடப் போறீங்க" என்கிறாள், வீட்டில் மிக்ஸி மூடியைப் பிடுங்குகிற அதே குரலில். ஒரே அழுத்து, டக்கென்று உட்கார்ந்துகொள்கிறது. இப்போது இதயம் முழுசாக, பளபளவென்று இருக்கிறது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வராந்தாவில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. மனைவி துண்டை மறுபடியும் கழற்றி, பேனா மூடிக்குப் பக்கத்தில், முன்பு கிடந்தபடியே குப்புற வைக்கிறாள். "நம்ம பாப்பாவுக்கு இப்படித்தானே இருக்கு" என்கிறாள்.