பிறை இருபத்தொன்பது

“கறுத்துக் கெடக்கு பாய்! ஒண்ணும் தெரியப் போறதில்ல” என்று மொட்டை மாடியிலிருந்து ஓடி வந்தான் விமல். மூச்சு வாங்கினாலும் முகமெல்லாம் சிரிப்பு.

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சதக்கத்துல்லா சிரிக்கவில்லை. “இன்னும் மஃரிப் ஆகலடா. சூரியன் விழுந்த பொறகுதான் இருக்கு சங்கதி.”

துபாயின் தேரா பகுதி முழுக்க அன்று பிறை தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஓட்டல் ஹாலில் இவர்கள் இருவர் மட்டும் மேகம் கலையக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. பிறை தெரிந்தால் அப்போதே ரமலான். ரமலான் பிறந்துவிட்டால் ஓட்டலில் பாட்டுக் கச்சேரிக்கு இடமில்லை.

மாமாவின் துணிக்கடை வேலையை உதறிவிட்டு, குளியலறையில் கம்பளி தொங்கவிட்டுத் தமிழ் ராப் பதிவு செய்தவன் சதக்கத்துல்லா. தானே பீட் போட்டு, தானே பாடி, தானே சி.டி. அடித்து, தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப் கேம்பாகப் போய் விற்றான். சவுண்டுக்கு விமல், மற்ற எல்லாவற்றுக்கும் அவன். அதுதான் கம்பெனி.

அந்தக் கம்பெனியோடு கைகோக்கலாமா என்று பார்க்க, மும்பை இசை நிறுவனம் ஒன்றின் பெரிய மனிதர் இன்று நேரில் வருகிறார். விடிந்தால் அவருக்கு ஃப்ளைட். மறுபடி வரமாட்டேன் என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

மஃரிப் பாங்கு கேட்டது.

“இங்க ஒரே சத்தம். மாடியில தொழுதுட்டு வாரேன்” என்று போனான் சதக்கத்துல்லா.

இறங்கி வந்தபோது அவன் முகம் சரியில்லை.

“மேகம் இருக்குல்ல பாய்?”

“இருக்கு, இருக்கு. மைக்குக்கு பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனான்.

திரும்பி வர வெகுநேரமாயிற்று. கையில் பேட்டரி இல்லை. “டிராஃபிக்குடா” என்றான். விமல் அதைக் காதில் வாங்கவே இல்லை, பழைய பேட்டரியைப் போட்டே ஒப்பேற்றியிருந்தான்.

“ஒரு தடவை முழுசாப் பாடிடறேன் விமலு. போடு.”

அப்படி அவன் பாடி விமல் கேட்டதில்லை. வரிக்கு வரி நெருப்பு. அதற்குள் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்த மும்பைக்காரர், பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

“பஹுத் அச்சா, பாய்!” என்று எழுந்தே விட்டார். கூட்டம் எப்படி ரசிக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டால் போதும், ஷோ முடிந்ததும் கையெழுத்து என்று அவர் இந்தியில் சொன்னதும் விமலுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே கேம்ப் பஸ்கள் வர ஆரம்பித்திருந்தன.

அந்த நேரம் பார்த்து ஓட்டல் மேனேஜர் அகமது கபீர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

“தம்பி, எல்லாத்தையும் கட்டுங்க. டி.வி.ல சொல்லிட்டாங்க. பிறை தெரிஞ்சிருச்சு, நாளைக்கு நோன்பு.”

“இந்த மேகத்துலயா?” என்று அலறினான் விமல். “யாரு சார் பாத்தது?”

“யாரோ ஒருத்தராம். நடுவுல கொஞ்சம் மேகம் விலகுனப்போ கண்ணுல பட்டுச்சுன்னு கோர்ட்டுக்கே போயி, அல்லா மேல சத்தியமாச் சொல்லிருக்காரு. வேற யாரு கண்ணுக்கும் தெரியல. அந்த ஒத்த சாட்சியே போதும்னு ஏத்துக்கிட்டாங்க.”

மும்பைக்காரருக்கு விஷயத்தை இந்தியில் சொன்னார் கபீர். அவர் சதக்கத்துல்லாவின் தோளைத் தட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன சொல்வது?

விமலுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கையிலிருந்த ஒயரைத் தூக்கி வீசினான்.

“எவன் பாய் அவன்? பாத்தவன் வாய மூடிட்டு இருந்திருந்தா, நம்ம பொழப்பு இப்படி நாறியிருக்குமா?”

சதக்கத்துல்லா மைக்கை அணைத்தான்.

“நான்தான்டா.”