என் கத்தி மட்டும்

"இன்னிக்கு ஒரு முடிவு தெரியாம இந்த ரூமை விட்டு ஒருத்தரும் வெளிய போகக் கூடாது!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் பல் டாக்டர். சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

சுற்றி உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் கை தட்டினார்கள்.

மடக்குக் கத்திப் பிரியர்கள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அது. அன்று க்ளினிக்குக்கு விடுமுறை என்பதால் நோயாளிகள் காத்திருக்கும் அறைதான் சங்க ஆபீஸ். சங்கம் தொடங்கிப் பத்து வருடம் ஆனதற்காக, ஒரு பட்டறையில் சொல்லி ஆளுக்கொரு கத்தி செய்துகொள்ளப் போகிறார்கள்.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கத்தி. எல்லாம் ஒரே அச்சாக இருந்தால்தான் செய்வேன் என்று பட்டறைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் அனுப்பிய இரண்டு மாதிரிகளில் எது என்பதிலேயே மூன்று ஞாயிறு ஓடிவிட்டது.

ஒன்று, பழைய காலத்து மாலுமிக் கத்தி. கொம்புப் பிடி, முரட்டு ஸ்பிரிங். அலகில் உள்ள மெல்லிய பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் திறக்கும். இன்னொன்று தோட்டக்காரர் கத்தி. பிடியில் அரைவட்டமாக ஒரு வெட்டு. இரண்டு விரலால் அலகைப் பிடித்து இழுத்தாலே போதும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவரான கடிகாரக்காரருக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஏன் என்பதைத்தான் அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. ஒரு வருடமாக அவருடைய வலது கட்டைவிரல் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கடையில் வாடிக்கையாளரின் தலை மறைந்ததும் கடிகாரத்தின் பின்மூடியை மனைவிதான் திறந்து கொடுக்கிறாள். விஷயம் வெளியே கசிந்தால் கடைக்குப் பூட்டுத்தான்.

"அந்த அரைவட்டத்துல ஒரு அழகு இருக்கு, பாருங்க..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"என்னங்க பெரிய அழகு! கைக்கு வலு இல்லாதவங்களுக்குன்னு போட்ட வெட்டு அது," என்றார் பல் டாக்டர். "நாம என்ன தடியை ஊணிக்கிட்டா வந்திருக்கோம்? கத்தின்னா கொஞ்சம் முறைச்சுக்கிட்டுத்தான் திறக்கணும்."

"அப்படிப் போடுங்க!" என்றார் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்திலேயே இளையவரான நூலகர் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. அவரும் பலமாகத் தலையாட்டினார்.

மாலுமிக் கத்தி கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தது. ஒருவர் எடை பார்த்தார், ஒருவர் கொம்பைத் தடவினார், ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி "கம்பீரம்யா!" என்றார். கடைசியில், மடக்கியது மடக்கியபடியே கடிகாரக்காரரின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. 'திறந்து காட்டுங்க' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று, எடை பார்ப்பதுபோல் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன யோசனை? உங்க கைக்கு இது ஆகாதோ?" என்று சமையல்காரர் வம்புக்கு இழுத்தார்.

"யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க?" என்று நூலகர் அம்மா சண்டைக்கு வந்தார். "வினாடி முள்ளைக் கண்ணை மூடிக்கிட்டு மாட்டுற கையாச்சே அது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வேறு என்ன செய்வது? "மாலுமிக் கத்திக்கு யார் யார்?" என்று பல் டாக்டர் கேட்டதும் முதலில் உயர்ந்தது அவருடைய கைதான். பன்னிரண்டு கையும் உயர்ந்தன. அந்த நிமிடமே பட்டறைக்குச் செய்தி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, தன் பழைய கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறக்கப் பார்த்தார். நகம்தான் பிளந்தது.

"ஏங்க இப்படி வதைக்கிறீங்க அந்த விரலை? டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"எந்த டாக்டர்கிட்ட? பல் டாக்டர்கிட்டயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பத்து வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. சொந்தக் கத்தியைத் திறக்கத் தெரியாதவன் என்று ஆன பிறகு எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவது? தூக்கிய கையைத் திரும்ப இறக்கவும் வழியில்லை.

மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் மதியம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போன் போட்டார்.

"கத்திச் சங்கத்துலேருந்து பேசுறேங்க. ஒரு சின்ன உதவி. வெளிய பாக்க எல்லாம் ஒண்ணு போலவே இருக்கட்டும். உள்ள ஸ்பிரிங்கை மட்டும்... எனக்கு மட்டும் கொஞ்சம் தளர்வா வெச்சுக் குடுக்க முடியுமா? கட்டைவிரல்ல சுத்தமா வலு இல்லீங்க. சங்கத்துல ஒருத்தருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா மானம் போயிடும்."

மறுமுனையில் சாணைச் சக்கரத்தின் இரைச்சல் நின்றது. அவ்வளவுதான், முடியாது என்று சொல்லப்போகிறார் என்று கடிகாரக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாராளமா வெச்சுடலாம் சார்," என்றார் பட்டறைக்காரர். "பன்னெண்டாவது ஆளு நீங்க."