கடைசி இடத்துக்காக வாதாடியவள்

திங்கள் காலை வானொலியில், கூடைப்பந்து அணிகளில் அந்த வாரம் ஏறியது யார், இறங்கியது யார் என்று கிரேடி அறிவித்தார். முதலிடம் சியாட்டில். கடைசி இடம், வழக்கம்போல, சொந்த ஊரான பஃபலோ.

உடனே தொலைபேசியில் ஒடெஸா வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வாராவாரம் அவரோடு மல்லுக்கு நிற்பவள்.

“நம்ம பசங்களைக் கடைசின்னு சொல்ல உங்களுக்கு வாய் கூசலையா?”

“தோத்துக்கிட்டே இருக்காங்கம்மா. நான் என்ன பண்ண?”

“வெள்ளிக்கிழமை சியாட்டில் இங்க வருதில்ல? மண்ணைக் கவ்வ வச்சு அனுப்புறோம் பாருங்க.”

“அவங்ககிட்ட டெரல் இருக்கான். இந்த சீசன்ல அவனைத் தடுக்க ஆளே இல்ல.”

“டெரல் என்ன பெரிய கொம்பனா? அவனும் பால் குடிச்சு வளர்ந்தவன்தான்.”

கிரேடி சிரித்தபடி இணைப்பைத் துண்டித்தார்.

வெள்ளியன்று பனிப்புயலையும் மீறி அரங்கம் நிரம்பியது. கடைசி நொடியில் டெரல் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழ, பஃபலோ ஒரே புள்ளியில் வென்றது. வாசலில் கத்திக்கொண்டிருந்த ஒடெஸாவைக் குரலை வைத்தே அடையாளம் கண்டு, கிரேடி மைக்கை நீட்டினார்.

“சொன்ன மாதிரியே ஜெயிச்சுட்டீங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

அவள் வாய் திறப்பதற்குள் டெரல் பையோடு வந்து நின்றான்.

“ஏம்மா, நான் பந்தைத் தொட்டாலே நீதான் முதல்ல கூச்சல் போடுற. பெத்த பிள்ளைன்னு ஒரு இரக்கம் வேணாமா?”

கிரேடி மைக்கை அவனிடமிருந்து அவசரமாக அவள் பக்கம் திருப்பினார்.

“நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே இது என் டீமு,” என்றாள் ஒடெஸா. “வீட்டுல கோழி வறுத்து வச்சிருக்கேன். சாப்பிட வர்றதுன்னா அந்த சியாட்டில் சட்டையைக் கழட்டிட்டு வா.”