பத்தாவது சதம்

மாலை அஸர் தொழுகை முடிந்த மஞ்சள் வெயில் மேற்கு ஜன்னலால் வந்து மேசையில் சாய்ந்திருக்கிறது. கல்முனைக்குடிக் கடலின் இரைச்சல் மற்றப் பக்கத்தால் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நளீம், பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்த பத்துச் செப்புச் சதங்களை வரிசையாக நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெள்ளைக்காரன் காலத்து ஒரு சத நாணயங்கள். ஆறு வருடமாக ஒவ்வொன்றாக வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி, தரம் பார்த்து, லேபல் வைத்து வாங்கியவை. ஒன்பது லேபலும் விடியற்காலைக் கடலின் நீலம். இன்று தபாலில் வந்த பத்தாவது மட்டும் கண்ணைக் குத்தும் செம்மஞ்சள். மற்றவற்றில் ஆண்டு இருந்த இடத்தில் கம்பெனியின் புதுச் சின்னம் பல்லைக் காட்டுகிறது. "பள்ளியில தொழுற ஸஃபு வரிசைய உட்டு ஒராள் மட்டும் முன்னுக்கு நிண்ட மாதிரி இரிக்கி புள்ள. கம்பெனியக் கேட்டா, இனிமே இதுதானாம். ஒம்பதையும் திருப்பி அனுப்பினா அதையும் இப்பிடியே மாத்தித் தருவானுகளாம்!" என்கிறான் உள்ளே பார்த்து. மனைவி றுஸ்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறாள். லேபல் இல்லாத மறுபக்கத்தில், சதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பனைமரங்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. திரைச்சீலை ஆட, வெயில் அவற்றின்மேல் அலைகிறது. கடலிரைச்சல் அந்த ஓலைகளிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. "இப்ப ஸஃபு நேர்தானே?" "ஓம்," என்கிறான் நளீம். ஆனாலும் கடைசி மரத்தின் முதுகில் எரியும் அந்தச் செம்மஞ்சள் அவன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.