கார்லயும் பாடோணும்

"இதுவும் சரியில்லீங்க பாய். கார்ல வெச்சா ஒரே இரைச்சல்."

டாக்டர் கோமளா ரேடியோவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். கடைக்காரர் இஸ்மத் அதை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். ஐந்து நாளில் இது ஐந்தாவது செட்டு.

ஆர்.எஸ்.புரத்தில் டாக்டரம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளில் பாதி அவர் கையில் பிறந்தவை. இஸ்மத்தின் மகளும் அப்படித்தான்.

டாக்டரம்மா கேட்டது பெரிய விஷயமும் இல்லை. ஒரே செட்டு வீட்டிலும் பாட வேண்டும், காரிலும் பாட வேண்டும். கார் வயரின் முனையை சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பாடிவிட்டுப் போகிறது. வேறு யாராக இருந்தாலும் பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

டாக்டரம்மா தினமும் ஆறு மணிக்கு, கிளினிக்கிலிருந்து நேராக வருவார். வெள்ளை மாருதியைக் கடை வாசலை அடைத்த மாதிரி நிறுத்துவார். தெருவைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு செட்டாகப் பாட வைத்துக் கேட்பார். பிடித்ததைக் கவிழ்த்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு உள்ளே பார்ப்பார்.

"பேட்டரி இருக்கட்டுங்கம்மா."

"வேண்டாங்க. கார் கரண்டுல பாடுதான்னு பாக்கோணுமில்ல?"

பிறகு செட்டையும் கார் வயரையும் எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்காருவார். கால் மணி நேரம் கழித்து ஒரு குறையோடு திரும்புவார்.

குறை சொன்னால்கூடப் பரவாயில்லை. அந்த மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதைத்தான் இஸ்மத்தால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்த பிறகு, கேட்பாரற்றுக் கிடக்கும் டிபன்பாக்ஸ், ரேடியோ எதையும் தொடாதீர்கள் என்று போலீஸ் ஜீப் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. அவர் விற்பது ரேடியோ. கடைப் பலகையில் அவர் பெயர். இருபது வருஷமாக வந்துகொண்டிருந்தவர்கள் எதிர்ச்சாரியில் நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் ஈ ஓட்டினார். மே மாதத்தோடு கடையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் மச்சானின் பாக்கு மண்டிக்குப் போய்விடுவது என்று வீட்டில் பேசியாகிவிட்டது.

இந்த வாரம்தான் கொஞ்சம் ஆள் வருகிறது. கிரிக்கெட் நடக்கிறது, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வாசலை அடைத்துக்கொண்டு காரை நிறுத்துகிறார்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் டாக்டரம்மா, உங்க கார் நின்னுது, அதான் வந்தனுங்க."

"வா அம்மணி. பையன் நல்லா பால் குடிக்கறானா?"

"குடிக்கறானுங்க. இத்தனை ரேடியோவும் உங்களுக்குங்களா?"

"ஒண்ணு போதும் கண்ணு. அந்த ஒண்ணுதான் அமைய மாட்டீங்குது. பொண்ணு பாக்கற கதையா ஆயிப்போச்சு."

அவள் சிரித்தாள். போகும்போது ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

இஸ்மத் ஆறாவது செட்டை எடுத்து வைத்தார்.

"இதுக்கு மேல கடைல இல்லீங்கம்மா. சாட்டிலைட்ல இருந்து நேரா பாடற ரேடியோ ஒண்ணு வரப்போகுதுங்கறாங்க. அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமாட்ட இருக்குதுங்க."

"வரட்டும். அதையும் வந்து பாப்போம்" என்றபடி டாக்டரம்மா செட்டைக் கவிழ்த்தார். மூடியைத் திறந்தார். பேட்டரிகளை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தார்.

"அம்மா, அது ரேடியோங்க" என்றார் இஸ்மத். குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "வெறும் ரேடியோ. உள்ள வேற ஒண்ணும் இருக்காதுங்க."

நின்றிருந்த இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மூடியை மெதுவாகப் பொருத்தினார்.

"இதையே குடுங்க பாய்."

பில் எழுதும்போது இஸ்மத் டாக்டரம்மாவின் கைகளைப் பார்த்தார். தன் மகளைப் பிறந்ததும் முதலில் ஏந்திய கைகள் அவை. அந்தக் கைகளிடமா இப்படிப் பேசினோம் என்றிருந்தது. பேசாமல் என்ன செய்வது என்றும் இருந்தது.

"நானே கார்ல மாட்டிக் குடுத்தர்றனுங்க."

"வேண்டாங்க பாய், நான் பாத்துக்கறேன்."

"இருக்கட்டுங்கம்மா."

"அட, வேண்டாங்கறேன்" என்று அவர் எழுந்திருப்பதற்குள் இஸ்மத் செட்டோடு போய்க் கார் கதவைத் திறந்துவிட்டார். முன்சீட்டில் ரேடியோவை வைத்துவிட்டு, வயர் முனையைக் கையில் பிடித்தபடி குனிந்து தேடினார்.

துளை இருக்கவேண்டிய இடத்தில், கார் கம்பெனியிலேயே அடைத்து அனுப்பிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. ஓரத்தில் தூசி இறுகிக் கிடந்தது. ஒருநாளும் யாரும் அதைக் கழற்றியதில்லை.

பேட்டரி எடுத்த செட்டு. வயர் செருக இடமில்லாத கார்.

இஸ்மத் வயரைக் கையில் சுற்றிக்கொண்டார். நிமிர்ந்தபோது டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"அஞ்சு நாளா எங்கீங்கம்மா செருகுனீங்க?"

டாக்டரம்மா கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் இப்போது நாலு பேராகியிருந்தார்கள்.

"ஆளுக நிக்கறாங்க பாருங்க, போங்க. இந்த வயரு நீளம் பத்தாதாட்ட இருக்குது. நாளைக்கு வாரேன்."